நம் கடற்கரையின் மரபுச் செல்வமும் சுற்றுலாவும்

(பங்கின் விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



யூபிலி விழாவில் எல்லாரும் கோயிலின் வரலாற்றைப் பேசுவார்கள். நீங்கள் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. நம் கோயில் மணலில் எழுந்தது. அதன் கல்லும் சுண்ணாம்பும் கடலில் கிடைத்த வருவாயால் வந்தவை. மேலும், யூபிலி என்னும் சொல்லுக்கே நிலத்தோடு தொடர்பு உண்டு. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலில் சொல்லப்படும் யூபிலி ஆண்டு என்பது, கைமாறிப்போன காணி அதற்கு உரிய குடும்பத்திடம் திரும்பி வரும் ஆண்டு. ஆகவே நம் காணி எது, அது நம் கையில்தான் இருக்கிறதா என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

இந்தக் கேள்வி இன்று அவசரமான கேள்வியாகிவிட்டது. கார்களில் வருகிறார்கள்; கரையில் நின்று படம் எடுக்கிறார்கள்; "இந்த இடம் யாருக்குச் சொந்தம், என்ன விலை" என்று கேட்கிறார்கள். முத்துக்குளித்துறையின் எந்த ஊரிலும் இன்று இந்தக் கேள்வியைக் கேட்கலாம். நம் இளைஞர் சிலர், "நல்லதுதானே, ஊர் முன்னேறும்" என்கின்றனர். பெரியவர் சிலர், "யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம்" என்கின்றனர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் முன்பாக ஒரு கணக்கு எடுக்கவேண்டும். நம்மிடம் இருப்பது என்ன? அதை அறியாதவன் அதை விற்கவும் கூடாது, பூட்டி வைக்கவும் முடியாது.

நம்மிடம் இருப்பது

முதலாவது, நம் தொன்மை. சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனத் தனித் திணையாயிற்று. கொற்கை முத்தின் புகழை மதுரைக் காஞ்சி பேசுகிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலும் பேசுகிறது. பட்டினப்பாலையைத் திறந்தால், பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்ட காட்சியைக் காணலாம். கரையில் வாழ்ந்தவன் நாகரிகமற்றவன் என்று யாராவது சொன்னால், அந்த நூல்களைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தமிழ் அச்சுக்கு நாம் அளித்த கொடை. 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், நம்மவர் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார் என்பது நீங்கள் அறிந்ததே. 1554-இல் லிஸ்பனில் தமிழ்ச் செபநூல் ஒன்று உரோமன் எழுத்தில் அச்சேறியது. அதற்கு உழைத்தவர்கள் தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்த மூன்று பரதவர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் வாழ்ந்து நம் மக்களிடம் தமிழ் கற்றவர். 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' அச்சாயிற்று. முத்துக்குளித்து உழைத்த கைகள் கொடுத்த காசு அந்த அச்சுப் பணியில் கலந்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவது, நம் கட்டடங்கள். மணப்பாட்டில் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-இல் எழுந்தது. அதன் அடிவாரத்தில் சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் 1713-இல் கட்டி முடிந்தது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். கோயில்கள் மட்டுமா? கொழும்பு வாணிபம் செழித்த காலத்தில் நம்மவர் கட்டிய உயர்ந்த தூண்களும் தேக்குக் கதவுகளும் உள்ள வீடுகள் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் இன்னும் நிற்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. சில இடிந்துகொண்டிருக்கின்றன.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செல்வம். அதுதான் மிகப் பெரியது. அது நம் கடல் அறிவு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொன்னவர்கள் நம் முன்னோர். நீவாடு எப்படி ஓடுகிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள். கடலுக்கடியில் உள்ள பார்களுக்கெல்லாம் பெயர் உண்டு. தொலாயிரம் பார் என்றால் முத்துக்குளித்த எவருக்கும் தெரியும். கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு தேரியையோ பனந்தோப்பையோ ஒரு கோட்டில் நிறுத்தி, மற்றொரு பக்கமும் அப்படியே இரண்டு அடையாளங்களைப் பிடித்து, இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் தூண்டிலை இறக்குவார்கள். காகிதம் இல்லை, கருவி இல்லை, பார் தவறாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடலில் இருப்பவனுக்கு நம் கோயில் கோபுரம் வெறும் அழகு அல்ல. அது அவனுக்கு வழிகாட்டி. அதன் முன்னால் ஐந்து மாடியில் ஒரு விடுதி எழுந்து மறைத்துவிட்டால், கரையில் இருப்பவனுக்குக் காட்சி போகும். கடலில் இருப்பவனுக்குப் பார் போகும்.

ஐந்தாவது, நம் கலம். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கில அகராதியிலே ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அந்தப் பெயரை இரண்டு ஓடங்களை இணைத்த வேறொரு கலத்துக்குச் சூட்டிவிட்டார்கள். நம் கட்டுமரமோ, மிதக்கும் மரத்தைச் செதுக்கி, கயிற்றால் மட்டும் பிணைத்து, கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர வைக்கும் கலம். ஆணி இல்லை, தண்ணீர் புகுந்தால் இறைக்க வேண்டியதில்லை, கொந்தளிக்கும் அலையை உடைத்துக்கொண்டு வெளியேறும். வள்ளம், தோணி என்று மற்றவையும் உண்டு. தண்டல் ஒருவரின் பொறுப்பில் பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்ற தோணிகளின் கதை தனி வரலாறு.

ஆறாவது, நம் ஊர் நெறி. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதை வெளியூரார் பக்தி என்று மட்டும் நினைப்பார்கள். அது உழைப்பவனுக்கும் ஓய்வு, கடலுக்கும் ஓய்வு. பிடித்த மீனில் கோயிலுக்கு என ஒரு பங்கு ஒதுக்கி, அதைக் கொண்டு கோயிலையும் பள்ளியையும் ஊர்ப் பொதுக் காரியங்களையும் நடத்தியது இக்கரை. கரமடி இழுக்கக் கை கொடுத்தவன் சிறுவனாயினும் கிழவனாயினும் வெறுங்கையோடு போகமாட்டான். இதையெல்லாம் யாரும் சட்டமாக எழுதவில்லை, ஆனாலும் நடந்தது.

இவற்றோடு அம்பாப் பாட்டு, தவக்காலப் பசாம், நாட்டுக்கூத்து, திருவிழாச் சப்பரம், அசனம், பனையோலைப் பெட்டி முடையும் தாய்மாரின் கைவண்ணம், சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு, தூத்துக்குடி மக்ரூன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நேரம் கருதி நிறுத்துகிறேன்.

வெறும் மணல் என்று ஒன்று இல்லை

அன்பர்களே, இத்தனையும் எங்கே நிற்கின்றன? ஒரு மணல் வெளியில் நிற்கின்றன. நம் சொத்துக் கணக்கில் நாம் எழுத மறந்த சொத்து அந்த மணல்தான்.

வெளியூரிலிருந்து வருபவர் நண்பகலில் வந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்கு அது ஆளில்லாத மணல். "எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது!" என்கிறார். விடியற்காலையில் வந்திருந்தால் அங்கே ஏலம் நடந்திருக்கும். சற்றுப் பொறுத்து வந்திருந்தால் வலையை உதறி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறியதும் தாய்மார் நெத்திலியும் சாளையும் பரப்புவார்கள். பொழுது சாய்ந்தால் வலை பொத்துவார்கள். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். காற்று மாறும் பருவத்தில் படகுகளை மேலே ஏற்றிவைக்க அந்த மணல் வேண்டும். கரமடி இழுக்கும் நாளில் நீளவாக்கில் அவ்வளவு கரையும் வேண்டும். திருவிழா நாளில் ஊரே அங்கேதான். ஒரே மணல், ஒரே நாளில் ஆறு வேலை பார்க்கிறது. அதைச் சும்மா கிடக்கும் இடம் என்பவர், உழுது போட்ட வயலைப் பார்த்துத் தரிசு என்று சொல்பவரைப் போன்றவர்.

அந்த மணலுக்கு அப்பால் மேடு இருக்கிறது. அதில் அடம்பங்கொடி படர்ந்திருக்கிறது. இராவணன் மீசை என்னும் புல் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. தாழையும் பனையும் நிற்கின்றன. அந்த மேடுதான் புயலலைக்கு முதல் சுவர். 2004 டிசம்பர் 26-இல் கடல் எழுந்து வந்த நாளை மறந்தவர் நம்மில் யாரும் இல்லை. அந்த மேட்டைச் சமப்படுத்தினால் நல்ல காட்சி கிடைக்கும் என்பவருக்கு, காட்சியோடு கடலும் உள்ளே வரும் என்று நாம்தான் சொல்லவேண்டும். மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் நிற்கிறது. நம் ஊர்க் கிணறுகள் அதை நம்பியே இருக்கின்றன. நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் ஆழ்துளை போட்டு இறைத்தால், அடியிலிருந்து உப்பு ஏறும். பிறகு அது எளிதில் இறங்காது.

மற்றொரு செய்தி. பெரும்பாலும் அந்த மணலுக்கு நம்மில் எவரிடமும் பட்டா இல்லை. அரசுக் கணக்கில் அது புறம்போக்கு. தலைமுறை தலைமுறையாகப் புழங்குவதே நம் உரிமை. அப்படியானால் புழக்கம் நின்ற நாளில் உரிமையும் தளரும். ஆகவே கட்டுமரமும் வலையும் கருவாடும் வெறும் பழக்கங்கள் அல்ல; அவை நம் பத்திரங்கள்.

மரபு ஏன் தேய்கிறது?

சுற்றுலாவின்மேல் எல்லாப் பழியையும் போடுவது நேர்மையாகாது. முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதற்கும் சுற்றுலாவுக்கும் சம்பந்தமில்லை. காலில் கல் கட்டி இறங்கியவர்களும், அவர்களைச் சுறாவிடமிருந்து காக்க மந்திரம் செபித்த கடல்கட்டிகளும் இப்போது கதையாகிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டி எடுத்தோம். 1986-இல் அங்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றில் இரண்டு தீவுகள் பின்னர் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பாறையை வெட்டினால் அலையைத் தடுக்க ஒன்றும் இராது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கட்டுமரத்தின் இடத்துக்கு ஃபைபர் படகு வந்தது. பாய்க்குப் பதில் இயந்திரம் வந்தது. கோபுரத்தைப் பார்த்துப் பார் பிடித்த இடத்தில் ஜி.பி.எஸ். கருவி வந்தது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவனிடம் போய், "மரபைக் காப்பாற்று, இயந்திரத்தை எறி" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேசைமேல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து பிறருக்குப் பழமையை உபதேசிப்பது எளிது. நான் கேட்பது வேறு. கருவி வரட்டும், அறிவு ஏன் போகவேண்டும்? கருவி பழுதாகும் நாளில் கரை திரும்ப வைப்பது அந்த அறிவுதானே? எண்பது வயதுப் பெரியவர் ஒருவரைக் கல்லறையில் வைக்கும்போது, நூறு மீன்களின் பெயரையும் முப்பது பார்களின் வழியையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறோம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுற்றுலாவின் இரு முகங்கள்

நமக்கு அண்டையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தின் கோவளத்தில் 1970-களின் தொடக்கத்தில் அரசு ஒரு கடற்கரை விடுதியைக் கட்டியது. மலைச்சரிவோடு ஒட்டி, காட்சியைக் கெடுக்காமல் கட்டிய விடுதி அது. பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தார். அதன் புகழைக் கேட்டுப் பிறகு வந்தவர்கள் அந்த அடக்கத்தைப் பின்பற்றவில்லை. கரையை ஒட்டிக் கடைகளும் விடுதிகளும் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. கரமடி இழுக்கும் மீனவன், குளிப்பவர் கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டு வலை இழுக்கும் நிலை வந்தது. முதலில் அவன் காட்சிப் பொருளானான், அடுத்து இடைஞ்சலானான். நல்லவர் ஒருவர் தொடங்கினாலும், ஊருக்கு என ஒரு வரம்பு இல்லையென்றால் முடிவு இப்படித்தான்.

மறு முகமும் உண்டு. உவரி அந்தோனியார் கோயிலுக்கும், மணப்பாட்டில் செப்டம்பர் மாதத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கும், ஆகஸ்டு 5-இல் பனிமய மாதா திருவிழாவுக்கும் சாதி சமயம் பாராமல் மக்கள் வருகிறார்கள். திருயாத்திரை என்பது நம் கரையின் மிகப் பழைய சுற்றுலா. திருவிழா நாளில் நம் வீடுகளில் பாய் விரித்து எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கிறோம்! எத்தனை பந்தி பரிமாறியிருக்கிறோம்! விருந்தோம்பலை நமக்கு யாரும் வந்து கற்றுத் தரவேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் மணப்பாட்டின் அலையையும் காற்றையும் தேடி அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் வருகிறார்கள். 'கடல்' திரைப்படம் (2013) அங்கே எடுக்கப்பட்டது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்களைப் படித்துவிட்டு இக்கரையைக் காண வருகின்ற வாசகர்களும் உண்டு. 'கொற்கை'க்கு 2013-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இவர்களெல்லாம் நீச்சல் குளத்துக்காக வரவில்லை. நம்மைக் காண வருகிறார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. வருபவர் காண விரும்புவது உயிருள்ள ஒரு மீனவ ஊரை. மீனவனை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் விடுதி கட்டினால், காண வந்த பொருளே அங்கே இராது. பிறகு கட்டுமரத்தை வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்துவார்கள். நம் பிள்ளை வாசலில் காவல்காரனாக நிற்பான். எனவே மரபைக் காப்பது சுற்றுலாவுக்குத் தடை அல்ல. அதுவே சுற்றுலாவின் முதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலத்தை ஒழுங்குபடுத்தும் கடற்கரை மண்டல ஆணையை மத்திய அரசு 1991-இல் கொண்டுவந்தது. 2011-இல் அது திருத்தி எழுதப்பட்டது. 2019-இல் மறுபடியும் புதிதாயிற்று. ஊர்ப்புறக் கரைகளில் கட்டடமே எழக்கூடாத பகுதியாக முன்பு 200 மீட்டர் இருந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க 2019 ஆணை வழி செய்தது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் அமைக்கவும் அது இடம் தருகிறது. நமக்கு வீடு கட்ட இது உதவலாம். பிறருக்கு விடுதி கட்டவும் இதுவே உதவலாம். கத்தி ஒன்றுதான், பிடி யார் கையில் என்பதே கேள்வி.

நமக்குச் சாதகமான பகுதிகளும் உண்டு. மீனவர் தாம் குடியிருக்கும் வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல், வருபவரைத் தங்கவைத்து வருவாய் பெறலாம் என்று அந்த ஆணை சொல்கிறது. மீனவ ஊர்கள், அவர்களுடைய பொது இடங்கள், மீன் உலர்த்தும் தளங்கள் ஆகியவை கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கப்படவேண்டும் என்றும் விதி இருக்கிறது. வரைபடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும். அந்த நாளில் நாம் யாவரும் போய் உட்கார்ந்து, "இங்கே வலை உலர்த்துகிறோம், இங்கே கரமடி இழுக்கிறோம்" என்று காட்டாவிட்டால், வரைபடத்தில் அது வெற்றிடமாகவே இருக்கும். வெற்றிடத்தை எவரும் நிரப்பலாம்.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. இந்த விழா ஆண்டில் நம் பங்கு கைக்கொள்ளத்தக்க ஆறு காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

ஒன்று: எழுதி வைப்போம். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஊர்ப் பெரியவர்களிடமிருந்து காற்று, நீவாடு, பார், மீன், வலை ஆகியவற்றின் பெயர்களையும், அம்பாப் பாட்டுகளையும், கூத்துக் கதைகளையும் கேட்டு எழுதட்டும். குரலையும் பதிவு செய்யட்டும். தாய்மாரிடம் கருவாட்டுப் பக்குவத்தையும் பேறுகால மருந்தையும் கேட்கட்டும். அதோடு, எந்த மணலை எந்தக் காரியத்துக்கு எந்த மாதத்தில் புழங்குகிறோம் என்று ஊர் வரைபடம் ஒன்றும் தயாராகட்டும்.

இரண்டு: இடிக்குமுன் யோசிப்போம். பழைய கோயில், பழைய பள்ளி, பழைய வீடு எதுவாயினும், சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கேட்காமல் கடப்பாரை எடுக்கவேண்டாம். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுவர் உப்பேறி உதிரும். கோயில் அலமாரியில் உள்ள ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கரையான் தின்ன விடவேண்டாம்; நம் குடும்பங்களின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

மூன்று: கரை பொதுவாகவே இருக்கட்டும். தனியார் எவரிடமும் கரையோர நிலத்தை விற்பதற்குமுன் ஊருக்குத் தெரிவிப்பது என்று நமக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்வோம். கஷ்டத்தில் விற்பவனைக் குறை கூறாமல், வாங்க முடிந்தவர் ஊருக்குள்ளேயே வாங்கிக்கொள்ளவோ, பொது நிதியிலிருந்து உதவவோ வழி தேடுவோம்.

நான்கு: விருந்தினர் நம் வீட்டில் தங்கட்டும், நம் அடுப்பில் சமைத்ததை உண்ணட்டும். இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறையைச் சுத்தமாக வைத்து, கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இருந்தால் போதும். நம் மகளிர் குழுக்கள் உணவையும் பனையோலைப் பொருள்களையும் ஏற்கட்டும். இளைஞர்கள் ஊரைச் சுற்றிக் காட்டட்டும். பெரியவர்கள் கடலைப் பற்றிச் சொல்லட்டும். சொன்னவருக்கும் ஊதியம் கிடைக்கட்டும்.

ஐந்து: வருபவருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கட்டும். ஏலம் நடக்கையில் குறுக்கே நின்று படம் எடுக்கலாகாது. குளிக்கும் பெண்களையும் துக்க வீட்டையும் படம் பிடிக்கலாகாது. நெகிழிக் குப்பையைக் கரையில் போடலாகாது. ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவில் கரையில் பெரிய விளக்குப் போடலாகாது. அந்த வெளிச்சத்தைக் கண்டு ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டுத் தரைப்பக்கம் திரும்பிவிடும். திருவிழாவும் சப்பரமும் நம் வழிபாடு. சுற்றுலாக்காரர் கேட்ட தேதியில் எடுத்துக் காட்டும் வேடிக்கை அல்ல. வந்து கலந்துகொள்ளட்டும், அவருக்காக நாம் நாளை மாற்றவேண்டியதில்லை. கழிவையும் குப்பையையும் நாமே கரையில் கொட்டிக்கொண்டு பிறருக்கு ஒழுங்கு சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு: மீனில் பங்கு வைத்தது போலச் சுற்றுலா வருவாயிலும் ஊருக்கு ஒரு பங்கு வைப்போம். அது கடலில் கணவனை இழந்த தாய்மாருக்கும், படிக்கும் பிள்ளைகளுக்கும், கரையைத் துப்புரவாக வைப்பதற்கும் போகட்டும். கணக்கு ஆண்டுதோறும் கோயில் முன்றிலில் வாசிக்கப்படட்டும்.

ஓர் ஐயத்துக்கு மறுமொழி

"ஐயா, மரபு சோறு போடுமா?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வலை வெறுமையாக வரும் நாளின் வேதனை அவனுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கூலிக்குப் போகும் குடும்பம் எப்படி நடக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த நாள்களில் விருந்தினர் இருவர் வந்து தங்கினால் அது பெரிய உதவி. மறுக்கவில்லை.

ஆனால் தம்பி, 2020-ஐ நினைத்துப் பார். கொரோனா வந்ததும் ஊரடங்கில் விடுதிகள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுற்றுலா ஒன்றையே நம்பிய ஊர்கள் கைபிசைந்து நின்றன. நாமும் துன்பப்பட்டோம்; ஆயினும் தடை தளர்ந்ததும் வலை கடலில் இறங்கியது, அடுப்பு எரிந்தது. ஆகவே மீன்பிடிப்பே நம் தாய்த் தொழில். சுற்றுலா அதற்குக் கைகொடுக்கும் துணைத் தொழிலாக இருக்கட்டும். தாய்த் தொழிலை விற்றுத் துணைத் தொழிலை வாங்கினால், காற்று மாறும் நாளில் இரண்டும் இராது.

இன்னொன்றும் சொல்வேன். பிறர் வந்து பார்ப்பதற்காக மட்டும் நாம் மரபைக் காக்கவேண்டும் என்பதில்லை. எவருமே வராவிட்டாலும் அது நம்முடையது. நம் பிள்ளை பள்ளியில், "என் அப்பா மீன் பிடிக்கிறவர்" என்று தலை நிமிர்ந்து சொல்லவேண்டும். அந்த நிமிர்வு அவனுக்கு வராவிட்டால், எத்தனை ஆயிரம் பேர் வந்து படம் எடுத்தாலும் நமக்குப் பெருமை இல்லை. அவனுக்கு அது வந்துவிட்டால், கரையை விலை கேட்பவரிடம் அவனே பதில் சொல்லிக்கொள்வான்.

இயற்கையின் செல்வத்தைப் போலவே மக்களின் வரலாறும் கலையும் வாழ்க்கை முறையும் காக்கப்படவேண்டிய செல்வம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் அறிவுறுத்துகிறது. 2014-இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் ஏற்றுக்கொண்ட சிறுதொழில் மீனவர் வழிகாட்டு நெறிகளும், கரைமீதும் கடல்மீதும் மீனவருக்குள்ள வழக்காற்று உரிமையை அரசுகள் மதிக்கவேண்டும் என்கின்றன. ஊரும் உலகும் ஒன்றையே சொல்கின்றன. செய்யவேண்டியது நாம்.

முடிவாக ஒன்று. விழா முடிந்ததும் இந்த மலரைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த பத்து மீன்களின் பெயரையும் நான்கு காற்றுகளின் குணத்தையும் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த யூபிலிக்கு மலர் வெளியிடும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் காணிப் பத்திரத்தின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.

வாழ்க நம் பங்கு! வளர்க நம் கடற்கரை!